அபராதத்தோடு முடிய வேண்டிய வழக்கு 75 ஆண்டு நீளலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களை வார இறுதித் தணிக்கையில் பிடித்து வழக்குப் போடுவது பற்றிய செய்தியையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கடுமை போதாது என்பதே பலருடைய கருத்து. எனக்கும் அதில் மாறுபாடு இல்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விபத்து வழக்குக் கட்டுகளில் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பக்க எண் போட்டு அடுக்கியிருக்கிறேன். போதையில் ஓட்டுகிறவனுக்குத் தயவு காட்டுங்கள் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். 10,000 ரூபாய் அபராதம் கட்டட்டும், லைசென்ஸை இழக்கட்டும், நீதிபதி நினைத்தால் 6 மாதம் சிறைக்கும் போகட்டும். குடிபோதையில் ஓட்டும் முதல் குற்றத்துக்கு (185-வது பிரிவு) மோட்டார் வாகனச் சட்டம் விதிப்பது அவ்வளவுதான்.

அந்தத் தண்டனை முடிந்த பிறகும் முடியாமல் நீளக்கூடிய ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்: கைதானவரிடம் எடுக்கும் விரல் ரேகை, போட்டோ போன்ற பதிவுகள்.

2022-ல் நாடாளுமன்றம் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டத்தை நிறைவேற்றியது. மார்ச் 28-ம் தேதி மக்களவைக்கு வந்த மசோதா, ஏப்ரல் 6-ம் தேதி மாநிலங்களவையையும் தாண்டிவிட்டது. தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டதை அரசு ஏற்கவில்லை. ஆகஸ்ட் 4-ம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. அதற்கு முன் இருந்தது 1920-ம் ஆண்டின் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதில்கூட, ஓராண்டு அல்லது அதற்கு மேல் கடுங்காவல் கிடைக்கக்கூடிய குற்றத்தில் கைதானால்தான் விரல் ரேகை எடுக்கலாம் என்று ஒரு வரம்பு இருந்தது. முதல்முறை குடிபோதையில் ஓட்டிப் பிடிபட்டவன் அந்த வரம்புக்குள் வரமாட்டான். புதிய சட்டம் வரம்பையே எடுத்துவிட்டது. எந்தச் சட்டத்தின் கீழ் எந்தக் குற்றத்துக்காகக் கைதானாலும் விரல் ரேகை, உள்ளங்கை ரேகை, பாத ரேகை, போட்டோ, கருவிழிப் பதிவு, கையெழுத்து எல்லாம் எடுக்கலாம். மறுத்தால் அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுத்ததாக இன்னொரு வழக்கு. ரத்தம், உமிழ்நீர் போன்ற உயிரியல் மாதிரிக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரான குற்றமாகவோ, 7 ஆண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றமாகவோ இல்லாவிட்டால் கைதானவர் இந்தச் சட்டத்தின் கீழ் அதைத் தர மறுக்கலாம். இந்த உரிமை இருப்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஸ்டேஷனில் யாரும் தானாக எடுத்துச் சொல்லப்போவதில்லை.

எடுத்த பதிவுகளைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டு வைத்திருக்கும். 22 வயதில் நண்பன் கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும் வழியில் பிடிபட்ட பையனின் ரேகையும் முகமும் அவனுக்கு 97 வயதாகும்வரை அரசின் கணினியில் இருக்கலாம். ஏற்கெனவே தண்டனை பெறாதவர் விடுதலையானால் பதிவை அழிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கும் மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். இதற்கென நியமிக்கப்பட்ட நோடல் அதிகாரியிடம் கோரிக்கை போக வேண்டும். 185-வது பிரிவு வழக்கில் விடுதலை என்பது பெரும்பாலும் ஏட்டில் மட்டும்தான். நான் பார்த்தவரை அந்த வழக்குகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெயர் கூப்பிடுவார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். “ஆமாங்கய்யா” என்பான். அபராதத்தைக் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு வண்டியை மீட்கப் போவான். ஒப்புக்கொண்டால் அது தண்டனை பெற்ற வழக்கு. பதிவை அழிக்கக் கேட்கும் வாய்ப்பு அந்த ஒரு சொல்லோடு போய்விடுகிறது. வக்கீல் வைக்காத ஆட்டோக்காரருக்கும் டெலிவரி பையனுக்கும் அதை அங்கே யார் சொல்வது?

இதே கேள்வி வட அயர்லாந்தில் எழுந்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனது. 2008 அக்டோபரில் ஒருவர் போலீஸ் சோதனையில் நிறுத்தப்பட்டார். அளவுக்கு மேல் குடித்திருந்தார். ரேகை, போட்டோ, டிஎன்ஏ மூன்றையும் எடுத்தார்கள். அடுத்த மாதமே நியூரி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 50 பவுண்டு அபராதமும் 12 மாதம் வண்டி ஓட்டத் தடையும் விதித்தார்கள். அந்நாட்டுச் சட்டப்படி 5 ஆண்டில் அந்தத் தண்டனையே காலாவதியான ஒன்றாகிவிட்டது. ஆனால் பதிவுகளுக்கு மட்டும் காலவரையறை கிடையாது. அவர் வழக்குத் தொடுத்தார். 2015 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் 4-க்கு 1 என்று தோற்றார். மாறுபட்டு எழுதிய ஒரே நீதிபதி கெர் பிரபு, வட அயர்லாந்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அந்த மண்ணின் போலீசையும் கோர்ட்டையும் உள்ளிருந்து அறிந்தவர். தனிவாழ்வில் இதைவிடக் குறைவாகக் கைவைக்கும் வழி இருக்கிறதா என்று அரசு யோசிக்கவே இல்லை என்பது அவருடைய நிலை.

5 ஆண்டு கழித்து, 2020 பிப்ரவரி 13-ம் தேதி, ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள அந்த ஐரோப்பிய நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒருமனதாக அந்த மனிதருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். குற்றம் எவ்வளவு பெரியது என்றே பார்க்காமல், காலவரையின்றி, மறுபரிசீலனைக்கு உண்மையான வழியும் இல்லாமல் வைத்திருப்பது தனிவாழ்வுக்கான உரிமையை மீறுகிறது என்றார்கள். எவ்வளவு அதிகம் சேர்க்கிறோமோ அவ்வளவு குற்றம் குறையும் என்பது அரசின் வாதம். அப்படிப் பார்த்தால் நாட்டின் மொத்த மக்களுடைய பதிவையும் சேர்ப்பதற்கே அது நியாயமாகிவிடும் என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. போட்டோ விஷயத்தையும் அவர்கள் லேசாக விடவில்லை. எடுத்த காலத்தில் சாதாரணப் படமாக இருந்தது, முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் வந்த பிறகு வேறொன்றாகிவிடுகிறது என்பதைக் கணக்கில் எடுத்தார்கள்.

அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தனிவாழ்வு அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் நம் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு கட்டுப்படுத்தும். அரசு அந்த உரிமையில் கைவைப்பதென்றால் நோக்கத்துக்கு ஏற்ற அளவோடுதான் வைக்க வேண்டும் என்கிறது அது. குடிபோதை வழக்கில் அந்த அளவு என்ன? குற்றத்தை நிரூபிப்பது மூச்சுப் பரிசோதனைக் கருவி காட்டும் எண். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். பிரிட்டனில் பெரும்பகுதியில் அது 80. நம் வரம்பு கண்டிப்பானது, அப்படியே இருக்கட்டும். அந்த எண்ணை நிரூபிக்க ரேகை தேவையில்லை, கருவிழி தேவையில்லை. அதே ஆள் மறுபடி பிடிபட்டால் தண்டனை 2 ஆண்டுவரை கூடும். அதற்கு அவன் பழைய வழக்கு தெரிய வேண்டும் என்பது சரிதான். லைசென்ஸ் எண்ணோடு அது சேர்ந்திருந்தால் போதுமே. லைசென்ஸ் இல்லாமலோ, பெயரை மாற்றிச் சொல்லியோ சிக்குகிறவனிடம் ரேகை எடுப்பதில் நியாயம் உண்டு. அவனையும் மற்றவனையும் சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் எழுதியவர்கள் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதற்கு அதன் 202-வது பிரிவைப் பாருங்கள். 185-வது பிரிவில் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். தவறினால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். ஆளை வைத்திருக்க 2 மணி நேரம் கணக்குப் பார்த்த நாடு, அவனுடைய உடலின் பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்கிறது.

வைத்திருந்தால் என்ன, தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று என் மகனே கேட்டான். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் வெளியாள் நுழைந்த செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. உள்ளே போகும் கடவுச்சொல் வெளியாள் கையில் சிக்கியிருந்தது. வங்கிக் கார்டு களவுபோனால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். விரல் ரேகையை எங்கே போய் மாற்றுவது? சேர்த்துவைக்கும் காலம் நீள நீள இந்த ஆபத்தும் கூடவே நீள்கிறது.

தணிக்கையில் பிடிபடும் எல்லாரிடமும் இவற்றை எடுக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. எடுப்பதும் விடுவதும் அந்த இரவில் பணியில் இருக்கும் அதிகாரியின் விருப்பமாக இருக்கிறது. இதை மாற்ற டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தின் கீழ் விதிகள் வகுக்க மாநில அரசுக்கும் அதிகாரம் உண்டு. அடையாளத்தில் சந்தேகம் இல்லாத முதல்முறை 185-வது பிரிவு வழக்குகளில் இந்தப் பதிவுகளை எடுக்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசு விதி செய்யட்டும். ஏற்கெனவே எடுத்தவற்றை, 5 ஆண்டு வேறு வழக்கு இல்லாமல் இருந்தால் அழிப்பதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கும், நம் எம்.பி.க்கள் கேட்கட்டும். மாஜிஸ்திரேட்டுகள், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன்பே அதன் விளைவுகளில் இதையும் சேர்த்துத் தமிழில் சொல்ல வேண்டும்.

குடிபோதை வழக்குகளில் இதுவரை எத்தனை பேரின் பதிவுகள் தமிழ்நாட்டிலிருந்து தேசியக் காப்பகத்துக்குப் போயின, எத்தனை அழிக்கப்பட்டன என்ற கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுத் தங்கள் இதழ் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
பாளையங்கோட்டை.