ஜார்ஜ் போர்ட்டரை மறக்கலாமா?

ஆசிரியருக்கு,

அதிவேக வேதிவினைகள் என்றாலே 1999இல் நோபல் பெற்ற அகமது ஜுவைலின் பெயர்தான் எங்கும் அடிபடுகிறது. நியாயம்தான், ஆனால் பாதை வெட்டியவர் ஜார்ஜ் போர்ட்டர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை ரேடார் அதிகாரி. ரேடாரின் துடிப்பலைகளோடு (விட்டுவிட்டுப் பாயும் குறுகிய அலைகளோடு) பழகிய கையோடு கேம்பிரிட்ஜில் வேதியியலாளர் நாரிஷிடம் வந்து சேர்ந்தார். அங்கே உருவான உத்தி இதுதான்: கண் கூசும் ஒளிவீச்சு ஒன்று மூலக்கூறுகளை உடைக்கும். கணநேரம் கழித்துப் பாயும் இரண்டாம் ஒளி, அந்தத் துண்டுகள் மறைவதற்குள் அவற்றின் நிறமாலையை (எந்தெந்த நிற ஒளியை உறிஞ்சுகின்றன என்ற அடையாளத்தை) பதிந்துவிடும். எத்தனை எளிய யோசனை! மில்லி நொடியில் தொடங்கியவர், லேசர் வந்தபின் பிக்கோ நொடிவரை (நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) இறங்கினார். 1967இல் நாரிஷ், ஜெர்மன் வேதியியலாளர் ஐகன் ஆகியோருடன் நோபலைப் பகிர்ந்துகொண்ட பிறகும் ஓயாமல் ஒளிச்சேர்க்கையை ஆராய்ந்தார். பாடநூலில் இவருக்கு அரைப்பக்கம் ஒதுக்கக் கூடாதா?

வேதியியல் ஆசிரியர் ஒருவர்