இரண்டு வாரம், இரண்டு பாட்டு

அன்புள்ள முரளி,

உன் கடிதமும் கதைச்சுருக்கமும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்ளச் சொல்.

1984-இல் வந்த 'ரைன்ஸ்டோன்' படத்தைப் பார்த்துவிட்டு, சுருதி என்றாலே என்னவென்று தெரியாத ஒருவனை இரண்டே வாரத்தில் கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற மரபில் வந்த ஜனரஞ்சக இசை) பாடகனாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். உன் கதையிலும் ஒரு பாடகி ஒரு டாக்ஸிக்காரனுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறாள் அல்லவா. முடியும், ஆனால் இரண்டே பாட்டுக்கு மட்டும். மூன்றாவது பாட்டை யாராவது கேட்டுவிட்டால் கும்பிடு போட்டு இறங்கிவிட வேண்டியதுதான்.

அந்தப் படத்தின் கதை அமைப்பில் குறையே இல்லை. நியூயார்க் கிளப் ஒன்றில் ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்ட பாடகி டாலி பார்ட்டன். யாரைக் கொடுத்தாலும் பாடகனாக்கிக் காட்டுகிறேன் என்று முதலாளியிடம் பந்தயம் கட்டுகிறாள். கையில் கிடைப்பவன் டாக்ஸி ஓட்டும் சில்வெஸ்டர் ஸ்டாலோன். அவனை டென்னசியில் உள்ள தன் ஊருக்கு இழுத்துக்கொண்டு போகிறாள். பேராசிரியர் ஒருவர் பூக்காரிக்குப் பேசக் கற்றுத்தரும் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம் தலைகீழாக நிற்கிறது, அவ்வளவுதான்: வாத்தியார் பெண், மாணவன் ஆண். படம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டது. ஸ்டாலோனுக்கு அந்த ஆண்டின் மோசமான நடிகருக்கான ராஸி என்ற கேலி விருது. அதே படத்துக்கு டாலி எழுதிப் பாடிய 'டென்னசி ஹோம்சிக் ப்ளூஸ்' மட்டும் பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

எங்கே சறுக்கியது? ஸ்டாலோனின் குரலைப் பழி சொல்லித் தப்பிக்க முடியாது. பாடம் நடப்பது நம் காதில் விழவே இல்லை. எப்படி நடப்பது, எப்படிப் பேசுவது என்றெல்லாம் சொல்லித் தருகிறாள். ஆனால் மூன்றாம் நாள் பாட்டுக்கும் பத்தாம் நாள் பாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது ரசிகனுக்குப் புரிவதில்லை. 'டெண்டர் மெர்சீஸ்' படத்தில் ராபர்ட் டுவால் கன்ட்ரி பாடகனாக நடித்துச் சொந்தக் குரலில்தான் பாடினார். 'கோல் மைனர்ஸ் டாட்டர்' படத்தில் சிஸ்ஸி ஸ்பேசெக்கும் அப்படியே. இருவருக்கும் ஆஸ்கர் கிடைத்தது. இருவருடையதும் பிரமாதமான குரல் என்று சொல்ல மாட்டேன். பேசுகிற மாதிரியே பாடினார்கள், அது போதுமானதாக இருந்தது.

அதில் ஒரு விஞ்ஞானமும் இருக்கிறது. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிளீவ்லாண்டும் கூட்டாளிகளும் 1990-களில் கன்ட்ரி பாடகர்கள் மூச்சு விடும் முறையை அளந்து பார்த்தார்கள். பேசும்போது எப்படியோ பாடும்போதும் ஏறக்குறைய அப்படியே. ஆபெரா பாடகர்களின் கதை வேறு. ஆகவே உன் நாயகி முதல் நாளே "வயிற்றிலிருந்து மூச்சு எடு" என்று ஆரம்பித்தால் அந்தக் காட்சியை அடித்துவிடு. முதல் நாள் பாட்டே வேண்டாம். வரிகளைப் பேச வை, பக்கத்தில் இருப்பவரிடம் குறை சொல்வதுபோல. பேச்சில் எந்தச் சொல் தானாக நீள்கிறதோ அதைத்தான் பிறகு பாட்டிலும் நீட்ட வேண்டும்.

இரண்டாம் நாள் சுருதி பார்க்க வேண்டும். தெருவின் எதிர்ப்பக்கம் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல "ஏய்!" என்று கத்தச் சொல். டாக்ஸிக்காரனுக்கு இதைவிடப் பழக்கமான சுரம் கிடையாது. தொண்டை இறுகாமல் அந்தக் கூப்பாடு எங்கே விழுகிறதோ, பாட்டின் உச்ச சுரத்தை அங்கே வை, ஒரு அரைச்சுரம்கூட மேலே போகாதே. பயிற்சி இல்லாத ஆண்குரலுக்கு அது பெரும்பாலும் பியானோவின் நடு ஸிக்கு மேலே உள்ள டி பக்கம் இருக்கும். மந்திர பஞ்சமத்தில் (கீழ் 'ப') தொடங்கி மத்திய பஞ்சமத்தோடு (நடு 'ப') நின்றுவிடும் மெட்டாகப் பார்த்து எடுத்தால் ஜி சுருதி, நம் கணக்கில் ஐந்து கட்டை, பொருந்தும். உச்சம் ஸி வரைதான் போகிறது என்றால் சுருதியை எஃப்புக்கு இறக்கு. கிதாரில் எஃப் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்க விரல் ஒடிந்துவிடும். கேபோவை (கிதார் கழுத்தில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மூன்றாம் கட்டில் மாட்டி டி, ஜி, ஏ வடிவங்களையே வாசித்தால் எஃப் வந்துவிடும். அசல் பாடகர் பாடிய சுருதியிலேயே பாட வைப்பதுதான் எல்லாரும் செய்யும் முதல் தப்பு. நான்காம் நாளே தொண்டை கட்டிக்கொள்ளும்.

கார்டுகளின் பெயரையும் அவனுக்குச் சொல்லித்தராதே. நாஷ்வில் வாத்தியக்காரர்கள் எண்ணால்தான் பேசிக்கொள்வார்கள்: ஒன்று, நாலு, ஐந்து என்று, சுருதியிலிருந்து எத்தனையாவது சுரத்தில் கார்டு எழுகிறதோ அந்த எண். ஜார்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மாத்யூஸ் 1950-களின் இறுதியில் தொடங்கி வைத்த முறை அது. 60-களில் சார்லி மெக்காய் போன்றவர்கள் ஸ்டுடியோக்களில் பரப்பினார்கள். சுருதி மாறினாலும் எண் மாறாது. மேடையில் விரலைக் காட்டினாலே போதும். (திரைக்கதைக்கு இது அட்சய பாத்திரம். அவன் நாலுக்குப் போக வேண்டிய இடத்தில் அவள் நாலு விரலைத் தூக்குகிறாள். அவன் கையசைத்து டாட்டா காட்டுகிறான்.)

தாளத்தில் எல்லாப் புதுமுகமும் ஒரே இடத்தில்தான் விழும்: நாலு அடியில் ஒன்றிலும் மூன்றிலும் கைதட்டும். கன்ட்ரி தாளத்தில் பேஸ் (அடிச்சுரம்) ஒன்றிலும் மூன்றிலும் நடக்கும், தந்திகளைச் சேர்த்துத் தட்டும் 'சிக்' என்ற வெட்டு இரண்டிலும் நாலிலும் விழும். கால் ஒன்றுக்கும் மூன்றுக்கும், உள்ளங்கை இரண்டுக்கும் நாலுக்கும். ஸ்டியரிங் மேலேயே பழகட்டும். கிதாரில் ஜி கார்டுக்கு ஆறாம் தந்தியின் மூன்றாம் கட்டு, வெட்டு. பிறகு திறந்த நாலாம் தந்தி, வெட்டு. நிமிடத்துக்கு 80 அடியில் தொடங்கி நாளுக்கு நாலு நாலாக ஏற்று. 100-ஐத் தாண்ட வேண்டாம், மேடைப் பதற்றம் மிச்சத்தை ஏற்றிவிடும். இன்னொரு தொல்லை எடுப்பு. பல பாட்டுகளில் முதல் இரண்டு மூன்று சொற்கள் தாளத்தின் முதல் அடிக்கு முன்பே விழுந்துவிடும், நம் அதீத எடுப்பு மாதிரி. முன்னிசையின் நாலாம் சுற்றில் மூச்சை எடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால் ரயிலைத் தவற விட்டவன்தான்.

இனி 'ட்வாங்'. கன்ட்ரி என்றால் மூக்கால் பாடுவது என்று நீயும் எழுதியிருக்கிறாய். தப்பு. குரல்நாணுக்குச் சற்று மேலே தொண்டைக்குழாய் குறுகும்போது 3000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒலி கூர்மையாகிறது. அந்தக் கூர்மைதான் ட்வாங். கத்தாமலே கூட்டத்தின் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு போகும். சோதனை எளிது: மூக்கைப் பொத்திக்கொண்டு 'ஆ' பாடட்டும். ஒலி மாறினால் காற்று மூக்கு வழியே கசிகிறது என்று அர்த்தம். பயிற்சிக்கு வாத்துபோல 'க்வாக்'. பிறகு அதே இடத்தில் 'ஞே ஞே' என்று ப ம க ரி ச இறங்க வேண்டும். ஒரு வேளைக்கு இருபது நிமிடம், நாளைக்கு மூன்று வேளை. அதற்கு மேல் பாட வைத்தால் மறுநாள் குரல் கரகரக்கும், அந்த நாளே வீண்.

உச்சரிப்பு தனிக் கதை. பழைய நியூயார்க் பேச்சில் சொல்லின் கடைசி 'ர்' காணாமல் போகும். டாலி பிறந்த கிழக்கு டென்னசி மலைப்பகுதியில் அது அழுத்தமாக நிற்கும். 'கா' என்பவனைக் 'கார்' என்று சொல்ல வைத்தால் உடனே 'ர்ர்ர்' என்று உருட்ட ஆரம்பிப்பான். உயிரெழுத்தை நீட்டி, மூடும்போது மட்டும் 'ர்' தொடச் சொல். 'ஐ' அங்கே 'ஆ' பக்கம் சாயும், 'டைம்' ஏறக்குறைய 'டாம்'. பாட்டுக்கு நாலைந்து சொல்லில் செய்தால் போதும். எல்லாச் சொல்லிலும் செய்தால் கேலி செய்கிறான் என்று ஊரார் முகம் சுளிப்பார்கள். கீழிருந்து சறுக்கி ஏறுவதும் அப்படித்தான்: வரிக்கு ஒன்று அழகு, ஐந்து என்றால் வாந்தி வரும். ஆரம்பகாலக் கன்ட்ரி பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1927-இலேயே இசைத்தட்டில் பதிந்த அந்த யோடல் உடைப்பு, நெஞ்சுக்குரல் சட்டென்று உடைந்து மேலே தாவுவது, பத்தாம் நாளுக்கு முன் வேண்டவே வேண்டாம். பாட்டுக்கு ஒரே ஒரு முறை, துக்கமான சொல்லில்.

காதலை எங்கே நுழைப்பது என்று கேட்டாயே, பதினோராம் நாளில் வை. நிலா வெளிச்சம், குதிரைச் சவாரி எதுவும் தேவையில்லை. அன்றுதான் இருவரும் சேர்ந்து பாடும் பாடம். மெட்டு அவனுக்கு, மேல் சுரம் அவளுக்கு: அவன் ஷட்ஜத்தில் நின்றால் அவள் காந்தாரம், அவன் காந்தாரம் போனால் அவள் பஞ்சமம். முதலில் அவன் தன் சுரத்தை விட்டு அவள் சுரத்துக்கு இழுபடுவான், எல்லாப் புதியவர்களும் இழுபடுவார்கள். அவள் முணுமுணுப்பாகத் தொடங்க வேண்டும், அவன் ஒரு காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். சுருதி நின்ற பிறகு அடுத்த பிரச்சினை சொல்முடிவு. 'ட்'டும் 'ஸ்'ஸும் இருவர் வாயிலும் ஒரே நொடியில் மூடாவிட்டால் கல் விழுந்ததுபோல் இரண்டு தரம் கேட்கும். அதற்கு ஒரே வழி, ஒரு மைக்கில் எதிரெதிரே நின்று மெட்டுப் பாடுபவரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பது. சேர்ந்து பாடுபவர்தான் மெட்டுக்காரரைப் பின்தொடர வேண்டும். பத்து நாளாக அதட்டிக்கொண்டிருந்த வாத்தியார் அன்று மாணவன் மூச்செடுக்கும் வரை காத்திருந்து தான் மூச்செடுக்கிறாள். வசனமே எழுதாதே, கேமராவை அங்கேயே வை.

கடைசி மூன்று நாளும் முழு உடையில் ஒத்திகை. கீவில் பிறந்து கலிபோர்னியாவில் கடை போட்ட நூடி கோன் என்ற தையல்காரர் பரப்பிய கல் பதித்த சூட் கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் பெரிய பெல்ட் பக்கிள் மூச்செடுக்கும்போது வயிற்றைக் குத்தும், பூட்ஸின் குதி உடம்பை முன்னே தள்ளும், தொப்பி விளிம்பின் நிழல் கண்ணை மறைக்கும். மைக்கை உதட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடிக்கட்டும். அதைவிட நெருங்கினால் கார்வை கூடிச் சொல் மழுங்கும். உச்ச சுரத்துக்கு ஒரு சாண் விலக்கலாம். பயந்தவன் கை தானாக மார்புக்கு இறங்கும். அதனால் ஸ்டாண்டில் மாட்டி, கையில் கிதாரைக் கொடுத்துவிடு. வாசிக்கத் தெரியாவிட்டாலும் கைக்கு வேலை கிடைக்கும்.

உன் சுருக்கத்தில் அவன் கடைசியில் மூன்று பாட்டுப் பாடுகிறான். இரண்டாக்கு: ஒன்று நடுவேகம், ஒன்று வால்ட்ஸ் (மூன்றடித் தாளம்). வால்ட்ஸில்தான் அவள் சேர வேண்டும். பதினோராம் நாள் காட்சியை மட்டும் முதலில் எழுதி அனுப்பு, மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரகு