பொய் சொன்ன எல்லாருக்கும்

ஆத்தங்குடியில் எங்கள் தெருக்காரர்களுக்கும், எனக்காக அலைந்த மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

இதை 2011-லேயே எழுதியிருக்க வேண்டும். அப்போது உங்கள்மேல் எனக்குக் கோபம். 2024 மார்ச்சில் நம் கடற்படையின் ஐஎன்எஸ் கொல்கத்தா, சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்துவைத்திருந்த 'ரூயென்' கப்பலில் இருந்த 17 பேரை மீட்டதை டிவியில் பார்த்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர்கள் வீட்டில் எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்களா என்றே நினைப்பு ஓடியது. அப்புறமும் தள்ளிப்போட்டு, இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

நானும் அப்படிக் கொள்ளையர் பிடியில் இருந்தவன்; சோமாலியக் கரையோரம், நங்கூரம் போட்ட கப்பலில் 11 மாதம். துப்பாக்கி, பட்டினி, துரு கலந்த தண்ணீர் எல்லாம் நீங்கள் கேட்டுச் சலித்த கதை. இருக்கிற அரிசியை ஆளுக்கு ஒரு கை கஞ்சியாக்கி, தன் பங்கைக் கடைசியில் எடுத்துக்கொண்ட எங்கள் பண்டாரிக்கு (கப்பல் சமையல்காரர்) மட்டும் இங்கே ஒரு கும்பிடு. ஐந்தாம் மாதத்துக்கு மேல் போனையே எடுக்காத கப்பல் முதலாளியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அப்பா ஆத்தங்குடிக் கல், அதாவது தரைக்குப் பதிக்கும் பூப்போட்ட சிமெண்டுக் கல், போடுபவர். கண்ணாடிமேல் அச்சை வைத்து, சாயக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கும்போது மூச்சே விடமாட்டார். மூச்சு பட்டால் பூ கலைந்துவிடும் என்பார். நெற்றியில் துப்பாக்கி வைத்த அன்று நானும் அப்படித்தான் நின்றேன்.

அவ்வப்போது சேட்டிலைட் போனைக் கொடுத்துப் பேசச் சொல்வார்கள். இரக்கமெல்லாம் இல்லை, நாங்கள் அழுதால் வீட்டில் பதறிப் பணத்துக்கு நெருக்குவார்கள் என்ற கணக்கு. 2011 ஏப்ரலில் 'ஆஸ்பால்ட் வெஞ்சர்' கப்பலுக்குப் பணம் வாங்கிய பிறகும் 7 இந்தியர்களை விடவில்லை என்று ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். (அவர்கள் விடுதலையாக 2014 அக்டோபர் ஆனது.) அன்று வீட்டுக்குப் பேசியபோது அப்பாவைக் கேட்டேன். "இப்பத்தான் கண்ணசந்தாக" என்றாள் அக்கா. பின்னால் அப்பாவின் இருமல் கேட்டது. சிமெண்டுத் தூசி ஏறிய அதே இருமல். சரி, இருக்கிறார், போதும் என்று இன்னும் நாலு மாதம் ஓட்டினேன்.

அப்பா போய் அப்போது ஒன்பது நாள். இருமியது சித்தப்பா.

பணம் பாராசூட்டில் விழுந்து, ஓமனின் சலாலா துறைமுகம் வந்து, விமானம் ஏறி ஊர் சேரும்வரை எனக்குத் தெரியாது. வாசலில் அம்மாவின் நெற்றியைப் பார்த்ததும்தான் தெரிந்தது. சித்தப்பாவோடு இரண்டு வருஷம் பேசவில்லை.

நான் வைக்க வேண்டிய கொள்ளியை வைத்த பெரியப்பா மகனுக்கு நன்றி. கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு நடந்த அத்தானுக்கு நன்றி. வட்டியில்லாமல் கொடுத்து இன்றுவரை கேட்காதவர்களுக்கும். எதிர்வீட்டு ஆச்சியின் அப்பச்சி (அப்பா) 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். அதைச் சொல்லி, "கொண்டுவிக்கப் போனவுக (கடல்கடந்து பிழைக்கப் போனவர்கள்) வந்து சேருவாக" என்று தினமும் பொழுதுசாய அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்த ஆச்சி இப்போது இல்லை.

சித்தப்பா, அந்த இருமலுக்கு நன்றி. உங்களுக்கு இப்போது நிஜமாகவே இருமல். சனிக்கிழமை காரைக்குடி டாக்டரிடம் போக வண்டி சொல்லியிருக்கிறேன். வரமாட்டேன் என்கிறார், தெருவில் யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.