உட்காரும் பணம்

காட்பாடி
ஐப்பசி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. பாலாற்றில் கரையோரமாகத் தண்ணீர் ஓடுகிறது என்று ஊர்ச்சனம் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் சேர்ந்தாற்போல் மூன்று வாக்கியம் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாய். எழுதிப் படமெடுத்து அனுப்பலாம் என்றால் அதற்கு உன் தங்கையின் உதவி வேண்டும், அவள் படித்துவிடுவாள். அதனால்தான் தபால்.

ஆடி மாதம் நீ கடைசியாக மனம்விட்டுப் பேசியது, அங்கே அமெரிக்காவில் நீ பணம் வைத்துச் சீட்டாடும் அந்தப் போக்கர் மேசையைப் பற்றித்தான். நானும் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறொன்றும் இல்லை.

நீ அன்று சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. இருவர் கட்டாயமாக 1 டாலர், 3 டாலர் என்று முன்னால் வைக்க வேண்டும். உட்காருகிறவன் குறைந்தது 100 டாலருக்கு, அதிகம் போனால் 300 டாலருக்கு வில்லைகள் வாங்கலாம். ஒரு கை, அதாவது ஒரு சுற்று ஆட்டம், ஓடிக்கொண்டிருக்கும்போது மேசைமேல் இருப்பது மட்டும்தான் கணக்கு. பையில் ஆயிரம் இருந்தாலும் அந்தக் கை முடியும்வரை எடுத்துச் சேர்க்க முடியாது. ஜெயித்ததில் பாதியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டத்தைத் தொடரவும் விடமாட்டார்கள். எதிரே இருப்பவனிடம் 80 டாலர்தான் இருக்கிறது என்றால், உன்னிடம் 300 இருந்தாலும் அவனோடு நீ ஆடுவது 80 டாலர் ஆட்டம்தான். எவ்வளவு தெளிவாகச் சொன்னாய்! எட்டாம் வகுப்பிலேயே என் கூலிப் பேரேட்டில் கூட்டல் பிழை கண்டுபிடித்தவன் அல்லவா. அதைப் பற்றி மேல்விஷாரத்தில் இன்றும் ஒருவர் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

100க்கு உட்காருவதா 300க்கு உட்காருவதா என்று என்னைக் கேட்டாய். நான் சிரித்துவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

100 டாலர் என்பது பெரிய பிளைண்டைப்போல், அதாவது கட்டாயமாக வைக்கும் அந்த 3 டாலரைப்போல், முப்பத்து மூன்று மடங்கு. அதை வைத்துக்கொண்டு நீட்டி ஆட முடியாது. நல்ல சீட்டு வந்தால் தொடக்கத்திலேயே முழுப் பணத்தையும் துணிந்து நடுவில் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் மடக்கிப் போட வேண்டும். நீ ஆசையாகச் சொன்னாயே, ஒரே எண்ணில் சின்ன ஜோடியை வைத்துக்கொண்டு அதே எண்ணில் மூன்றாவது சேருமா என்று பார்ப்பது, அது 100 டாலருக்கு ஒத்துவராது. ஒருவன் 15 டாலர் ஏற்றுகிறான், நீயும் 15 போடுகிறாய். நடுவில் மூன்று சீட்டு விரியும்போது உன் ஜோடிக்குத் துணை வருவது சுமார் எட்டில் ஒரு தடவை. ஏழு தடவை 15 போனால் 105. எட்டாவது தடவை அவன் தன் பணம் முழுவதையும் தள்ளினால்கூட உனக்குக் கிடைப்பது சுமார் 100. எப்போதும் முழுவதையும் தள்ள அவன் என்ன உன் மாமனா? போதாததற்கு, ஜெயித்த தொகையில் மேசைக்காரன் பிடித்துக்கொள்ளும் வெட்டு, சீட்டுப் போடும் டீலருக்கு ஒரு டாலர்.

நீ 300 வைத்திருந்து, எதிராளியிடமும் அவ்வளவு இருந்தால் அந்த ஆட்டம் ஆடலாம். ஒவ்வொரு சீட்டு திறக்கும்போதும் எதிராளி தவறு செய்ய இடம் இருக்கிறது. உனக்கும் இருக்கிறது. கடைசிச் சீட்டில் செய்யும் ஒரு தவறு, முதலில் செய்யும் பத்துத் தவறுகளைத் தின்றுவிடும். மேசையில் இருக்கும் மற்றவர்களைவிட நீ நன்றாக ஆடுகிறாய் என்றால் 300 உனக்கு ஆயுதம். சுமாராக ஆடுகிறாய் என்றால் தண்டம். இதை நீதான் சொல்ல வேண்டும், அதுவும் ஜெயித்த சனிக்கிழமையை மட்டும் நினைத்துக்கொண்டு சொல்லக்கூடாது. எழுதி வைத்திருக்கிறாயா? உட்கார்ந்த பணம், சேர்த்த பணம், எழுந்த பணம், மூன்றையும்? நீ எழுதியிருக்கமாட்டாய். பத்து ரூபாய்க்குக் கீரை வாங்கினாலும் உன் அம்மா காலண்டரில் எழுதுகிறாள்.

நான் பயப்படுவது 100ஐயோ 300ஐயோ பார்த்து இல்லை. அந்தச் சேர்த்த பணத்தைப் பார்த்துத்தான். 300க்கு உட்கார்ந்து 240க்கு இறங்கியவன், நன்றாக ஆடுகிறவனாக இருந்தால், 60 போட்டு நிரப்பிக்கொள்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. 100க்கு உட்கார்ந்தவன் அது போனதும் இன்னொரு 100, அதுவும் போனதும் இன்னொரு 100 என்று போகிறான். கடைசியில் 300 போயிருக்கும். ஆனால் ஒரு கையில்கூட 300க்குரிய ஆட்டத்தை அவன் ஆடியிருக்கமாட்டான். கேட்டால், "நான் சின்ன ஆட்டம்தானே ஆடுகிறேன், நூறு டாலர்தானே" என்பான். நீயும் அன்று "நூறு டாலர்தானேப்பா" என்றுதான் சொன்னாய்.

குடியாத்தம் பெரியப்பாவைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. சைக்கிள் விஷயம் உனக்கே தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன், இது உனக்குத் தெரியாது. அவ்வூர் அம்மனின் சிரசுத் திருவிழாவன்று சூதாட்டத்துக்கு அவர் ஒரு நாளும் பத்து ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொண்டு போனதில்லை. சத்தியமாக. எல்லோரும் அவரைப் பெருந்தொகை வைத்து ஆடியவர் என்று நினைக்கிறார்கள். பத்து ரூபாய் போனதும் தண்ணீர் குடிக்க வருகிறவர்போல் வீட்டுக்கு வருவார், அரிசிப் பானைக்குள் கை விடுவார், மறுபடியும் பத்து ரூபாய். வீடு பக்கத்துத் தெருவில் இருந்ததுதான் அவருக்கு வினை. பெரியம்மா ஒரு வருஷம் கதவைப் பூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த ஒரு வருஷம்தான் அவர் பத்து ரூபாயோடு தப்பித்தார்.

அங்கே உனக்கு வீடு பக்கத்தில் இல்லை என்று தெரியும். ஆனால் அந்தச் சீட்டாட்டக் கூடத்துக்குள்ளேயே ஏ.டி.எம். வைத்திருக்கிறார்கள், கட்டணம்கூட அதிகம் என்று நீயே சொன்னாய். கட்டணம் எவ்வளவு என்பது எப்படி உனக்குத் தெரிந்தது என்று நான் அன்று கேட்கவில்லை. கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போ.

இன்னொரு கணக்கு. ஒழுங்காக ஆடுகிறவர்கள், உட்காரும் பணத்தைப்போல் இருபது மடங்காவது தனியாக எடுத்து வைத்திருப்பார்களாம். வாடகைக்கோ விசாவுக்கோ தொடாத பணம், போனால் போகட்டும் என்று ஒதுக்கிய பணம். 300க்கு இருபது மடங்கு 6,000 டாலர். அது உன்னிடம் தனியாக இருந்தால் தாராளமாக 300க்கு உட்கார், நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். 2,000 இருந்தால் 100க்கு உட்கார், போனதும் எழுந்து வா. அதுவும் இல்லை என்றால் எவ்வளவுக்கு உட்காருவது என்ற கேள்வியே எழவில்லை.

தங்கையின் வளைகாப்புக்கு நீ வராததை நான் குறை சொல்லவில்லை. லீவு இல்லை என்றாய், சரி. டிக்கெட் விலை அதிகம் என்றாய், அதுவும் சரி. இரண்டையும் வெவ்வேறு நாளில் சொன்னாய். அம்மா எல்லோரிடமும் லீவு என்றே சொல்லியிருக்கிறாள். உன் அத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். "அமெரிக்காவில் அவன்தான் அந்தக் கம்பெனிக்கே தூண், அவன் இல்லாவிட்டால் ஓடாது" என்று நான்தான் அவள் வாயை மூடினேன்.

ஆவணியில் நீ ஒரு நாள் பேசியபோது, சத்துவாச்சாரி மனை விற்ற பணம் எப்போது முதிர்கிறது என்று கேட்டாய். கார்த்திகையில் என்று சொன்னேன். நீயும் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சும்மா கேட்டிருப்பாய். பிள்ளை கேட்கக்கூடாதா என்ன?

அந்தப் பணத்தை முதிர்ந்த அன்றே அம்மா பெயரில் மூன்று ஆண்டுக்குப் போடப்போகிறேன். வட்டி கொஞ்சம் குறையும், பரவாயில்லை. படிவம் வாங்கி வந்துவிட்டேன், அம்மாவுக்குக் கையெழுத்து எங்கே போடுவது என்று பென்சிலால் குறித்தும் வைத்துவிட்டேன். பின்னால் யாராவது சொல்லித் தெரிந்துகொண்டால் உனக்கு வருத்தமாக இருக்கும், அதனால் நானே எழுதுகிறேன். உனக்கு வேறு ஏதாவது முடை இருந்தால், என்ன முடை, எவ்வளவு, யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று மூன்றையும் எழுது. என் பென்ஷனில் முடிந்ததைப் பார்க்கிறேன். போனில் சொல்லாதே, எழுது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா கருவேப்பிலைப் பொடியும் ஆற்காடு மக்கன் பேடாவும் கட்டி வைத்திருக்கிறாள். தை மாதம் அங்கே வரும் எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்புகிறோம், விலாசம் மாறியிருந்தால் சொல். கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போ.