யாருடைய ரத்தமோ என்று தயங்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. தத்தெடுக்க எல்லாம் கூடிவந்த நேரத்தில், "யாருடைய ரத்தமோ, நாளைக்கு எப்படி இருக்குமோ" என்று யாரோ சொன்னதை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாய். நூலைப் போல சேலை என்று கேட்டே வளர்ந்தவர்கள்தானே நாமும்.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். உயரத்தில், குணத்தில், புத்தியில் எல்லாம் இருக்கிறது. ஆனால் அது தனியாக வேலை செய்வதில்லை. பினைல்கீட்டோனூரியா என்று ஒரு பிறவிக் கோளாறு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். பினைல்அலனைன் என்ற புரதக்கூறை உடம்பால் சரியாகச் சிதைக்க முடியாமல், அது ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கெடுக்கும். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க மருத்துவர் இதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனையை உருவாக்கினார். பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து சில சொட்டு ரத்தம் போதும். உடனே கண்டுபிடித்து, அந்தக் கூறு குறைந்த உணவாகக் கொடுத்துவந்தால் மூளை தப்பிவிடுகிறது. மரபணு அப்படியேதான் இருக்கிறது. சாப்பாடுதான் மாறியது.

அப்புறம், புக்கரெஸ்ட் நகரத்துக் குழந்தைகள். ருமேனியாவில் காப்பகங்களில் கிடந்த 136 குழந்தைகளை வைத்து 2000 வாக்கில் ஓர் ஆய்வு தொடங்கியது. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பாதிப் பேரைத் தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களிடம் கொடுத்தார்கள். போனவர்கள் புத்தியிலும் ஒருவரிடம் ஒட்டிக்கொள்வதிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் இன்னும் நன்றாக. மீதிப் பாதியை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது. உன் குழந்தைக்குப் பதினாறு மாதம். ஏன் தள்ளிப்போடுகிறாய்?

வளர வளர உன் பிடி தளரும், அதையும் சொல்லிவிடுகிறேன். புத்திக்கூர்மையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு, சிறு வயதைவிடப் பெரியவர்களான பின் கூடுகிறது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. இதற்கு எனக்குப் படும் காரணம் எளிது. சின்னவளுக்கு நீ புத்தகம் எடுத்துக் கொடுப்பாய். பெரியவளானதும் புத்தகம், நண்பர்கள், வேலை எல்லாவற்றையும் அவளே தேடிக்கொள்வாள். நீ நினைத்தே பார்க்காத ஒருத்தியாக வந்து நிற்கலாம். பெற்ற பிள்ளைகளும் அப்படித்தான் வளர்கிறார்கள்.

சரி, ஒரு வேலை செய். குழந்தையின் பிறப்பு எடை, பெற்றோரின் உடல்நல விவரம் ஏதாவது பதிவாகியிருந்தால் கேட்டு வாங்கி வை. பயப்படுவதற்கு இல்லை, அவளைப் பார்க்கப்போகும் டாக்டருக்குக் கொடுக்க. சனிக்கிழமை வருகிறேன்.

உன் அக்கா