மல்லி வாசத்தில் பாதி ஆமணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த செயற்கை வாசனைகள் பற்றிய கட்டுரையில், மல்லி ஊதுபத்தியின் மணம் முழுக்கப் 'பெட்ரோல் கழிவு' என்று ஒரு வரி இருந்தது. முப்பது வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுத்த எனக்கு, அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை. அதில் பாதி எங்கள் கடலைக்காட்டு வரப்போரம் நிற்கும் ஆமணக்கிலிருந்து வரக்கூடியது.

ஊதுபத்தியிலும் சோப்பிலும் மல்லி வாசத்துக்குச் சேர்ப்பவற்றில் முக்கியமானது அமைல் சின்னமால்டிஹைடு. ஆல்டிஹைடு என்ற வகையைச் சேர்ந்த இரண்டு கார்பன் சேர்மங்களைக் காரத்தில் சேர்த்துச் செய்வது இது. ஒன்று, கசப்பு வாதுமை மணமுள்ள பென்சால்டிஹைடு. அதைப் பெட்ரோலியத்தில் கிடைக்கும் டொலுயீனிலிருந்து தயாரிக்கிறார்கள். அந்த அளவுக்குக் கட்டுரையாளர் சொன்னது சரி. மற்றது ஹெப்டனேல். இதை நெடுங்காலமாக விளக்கெண்ணெயிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

விளக்கெண்ணெயில் பெரும்பகுதி ரிசினோலிக் அமிலம், 18 கார்பன் சங்கிலி. அதன் மீதைல் எஸ்டரை (அமிலத்தை மெத்தனாலோடு சேர்த்த வடிவத்தை) 500 டிகிரி வாக்கில் சூடாக்கினால் சங்கிலி சொல்லிவைத்தாற்போல் ஓரிடத்தில் முறிகிறது. 7 கார்பன் துண்டு ஹெப்டனேல், 11 கார்பன் துண்டு அன்டெசிலினிக் அமிலத்தின் எஸ்டர். பன்னிரண்டாவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சோடி), அதற்கு ஒரு கார்பன் இடைவிட்டு இரட்டைப் பிணைப்பும் இருப்பதால்தான் இப்படி முறிகிறது. கடலை எண்ணெயில் இந்த அமைப்பு இல்லை.

அப்புறம் நடப்பது நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கும் ஆல்டால் குறுக்கம்தான். பென்சால்டிஹைடின் ஏழு கார்பனும் ஹெப்டனேலின் ஏழு கார்பனும் சேர்ந்து, ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி, 14 கார்பன் கொண்ட அமைல் சின்னமால்டிஹைடு கிடைக்கிறது. ஹெப்டனேலை மொத்தமாகக் கொட்டினால் அது தன்னோடு தானே சேர்ந்துகொள்ளும், அதனால் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவார்கள்.

ஊதுபத்தி போடும் நண்பர் ஒருவர் கொடுத்த அமைல் சின்னமால்டிஹைடு புட்டியை ஒருமுறை வகுப்புக்குக் கொண்டுபோனேன். வெளிர்மஞ்சள் திரவம். மூடியைத் திறந்து முகர்ந்ததும் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். "எண்ணெய் நாத்தம் சார்" என்றான் ஒருவன். ஒரு துளியை ஸ்பிரிட்டில் கரைத்து, காகிதக் கீற்றில் நனைத்து, கொஞ்ச நேரம் ஆறவிட்டுக் கொடுத்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் "குண்டுமல்லி" என்றாள். அவள் வீட்டில் கொட்டமுத்து (ஆமணக்கு விதை) உடைத்துக் காயப்போடுகிறவர்கள்.

அந்த 11 கார்பன் துண்டும் வீணாவதில்லை, அதிலிருந்தும் வாசனை ஆல்டிஹைடு செய்கிறார்கள். 1921-இல் வந்த சானல் நம்பர் 5 சென்ட்டுக்குப் பெயர் வாங்கித் தந்ததே 10, 11, 12 கார்பன் ஆல்டிஹைடுகள்தான்.

சரி, இந்த அமைல் சின்னமால்டிஹைடில் தீங்கே இல்லையா? சிலருக்குத் தோல் ஒவ்வாமை வரும். தோலில் பூசிக் கழுவாமல் விடும் பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் உறையில் பெயர் போட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. நம் ஊர்க் கடைகளில் விற்கும் பல பொருட்களில் 'வாசனைப் பொருள்' என்ற ஒரே சொல்லோடு சரி. கட்டுரை அழுத்திக் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

உலகிலேயே அதிகம் ஆமணக்கு விளைவது நம் நாட்டில், அதிலும் குஜராத்தில். எங்கள் பக்கம் வரப்புப் பயிராகக் கொஞ்சம்தான். ஆனாலும் மூட்டையை வியாபாரியிடம் போடுகிறவர்களுக்கு, அது மல்லி வாசமாகவும் ஆகலாம் என்பது தெரியட்டும். அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.