பயந்த நாய்க்குத் தீபாவளி மாதம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு வீட்டில் எல்லாரும் இருப்பார்கள், நாயும் சீக்கிரம் பழகிவிடும் என்று கணக்குப் போட்டு இந்த நேரத்தில் நாய் எடுத்து வளர்க்கக் காப்பகத்துக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. துறுதுறுப்பான குட்டிக்கு அது சரிப்படலாம். கூண்டின் பின்மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கும் நாய்க்கும், ஆளைக் கண்டதும் கம்பியில் பாய்ந்து குரைக்கும் நாய்க்கும் ஆண்டிலேயே மோசமான காலம் இதுதான். வாசலில் பட்டாசு. திறந்த இல்ல உபசரிப்பு என்று நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் கேட்டைத் திறந்துகொண்டு வருவார்கள். போதாக்குறைக்கு அக்டோபரும் நவம்பரும் பருவமாற்ற மாதங்கள், மாலையானால் இடி. சீனப் புத்தாண்டும் இப்படித்தான். பினாங்கில் எட்டாம் நாள் நள்ளிரவில் ஹொக்கியன் மக்கள் வெடிக்கும் வெடி, முதல் நாள் வெடியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். நோன்புப் பெருநாள் எந்த மாதம் விழுகிறது என்றும் பார்த்துக்கொண்டு, ஜூன் முதல் ஆகஸ்டு வரை உள்ள காலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதுவரை வாரம் ஒருமுறை காப்பகத்துக்குப் போய், கூண்டுக்கு வெளியே பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, பேசாமல் நான்கு துண்டு கோழி போட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வரும்போது உங்கள் வாசனையாவது அதற்குத் தெரிந்திருக்கும்.

இத்தகைய நாய்கள் பலவும் தொழிற்பேட்டை ஓரத்திலோ கட்டுமானத் தளத்திலோ பிறந்தவை. நாய்க்குட்டி மனிதர்களோடும் சத்தங்களோடும் எளிதில் ஒட்டிக்கொள்ளும் வயது ஏறத்தாழ 3 வாரம் முதல் 12 வாரம் வரை. அந்த நாட்களில் மனிதக் கை படாமல் வளர்ந்து, பிறகு சுருக்குக் கம்பில் மாட்டி வந்த நாய்க்கு நம் கை என்றாலே ஆபத்து. அவிழ்த்துவிட்டால் ஓடி ஒளியும். கயிற்றில் கட்டினால் ஓட வழியில்லை. எதிரே வருவதைக் குரைத்து விரட்டப் பார்க்கும். மோட்டார் சைக்கிள் எப்படியும் தன் வழியில் போய்விடும். நாயோ, தான் குரைத்ததால்தான் அது போனது என்று முடிவு கட்டிக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக, இன்னும் பலமாகக் குரைக்கும். அந்த நேரத்தில் சங்கிலியைச் சுண்டி இழுத்தால், மோட்டார் சைக்கிள் வந்தால் கழுத்தும் வலிக்கும் என்று கூடுதலாக ஒரு பாடம் சேர்கிறது. இரும்பு முள் பட்டையும் மின்னதிர்வுப் பட்டையும் இந்த நாய்களுக்கு வேண்டவே வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

வீடு தேடும் அறிவிப்பிலேயே பாதி காரியம் கெட்டுப்போகிறது. "சாதுவானவன், பிள்ளைகளுக்கு ஏற்றவன்" என்று போட்டால் அழைப்புகள் குவியும். பொருத்தமான அழைப்பு ஒன்றும் இராது. எழுத வேண்டியது நாய் என்ன செய்கிறது என்பதை. "பெண் நாய், 5 வயது, 14 கிலோ, கருத்தடை ஆகிவிட்டது. பெண்களிடம் இரண்டு மூன்று வாரத்தில் பழகும். ஹெல்மெட் போட்ட ஆளைக் கண்டால் பாய்ந்து குரைக்கும். பூனை ஆகாது. இன்னொரு நாய் பக்கத்தில் இருந்தால் தைரியம் வரும். தின்னும்போது கிட்டே போனால் உறுமும், கடித்ததில்லை." இந்த அளவு போதும். படித்துவிட்டு நூறு பேர் ஒதுங்கட்டும், வேண்டியது ஒரே ஒரு வீடுதானே. படத்தை எட்ட நின்று, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினால் காதை மடித்துக் கண்ணை உருட்டிய படம்தான் கிடைக்கும்.

கடித்த வரலாறு இருந்தால் மறைக்கவே கூடாது. "கடிக்கும்" என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பதும் பயனில்லை. விலங்கு மருத்துவர் இயன் டன்பார் வகுத்த 6 படி அளவுகோல் இதற்கு உதவும். முதல் படி, பல் தோலில் படாத வெறும் பாய்ச்சல். இரண்டில் பல் படும், துளை விழாது. மூன்றில் ஒரே கடியில் ஆழமில்லாத துளைகள். நான்காம் படியிலிருந்து ஆழமான காயம். ஆறு என்றால் உயிர்ச் சேதம். இரண்டாம் படி நாய்க்கு வீடு கிடைக்கும். நான்கைத் தொட்ட நாயைப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கொடுக்கலாகாது. அனுபவமுள்ள பயிற்சியாளர் பொறுப்பேற்றாலன்றி வேறு எங்கும் கொடுப்பதும் சரியில்லை. கசப்பான பேச்சுதான், ஆனால் பேசியாக வேண்டும்.

எந்த வீடு பொருந்தும்? ஆள் நடமாட்டம் குறைந்த, சந்தின் கடைசியில் உள்ள தரை வீடு. எட்டு வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இல்லாத வீடு. ஏற்கெனவே ஒரு நிதானமான நாய் இருந்தால் பாதிப் பாடத்தை அதுவே சொல்லிக் கொடுத்துவிடும். அடுக்குமாடி வீடு சிரமம்: மின்தூக்கிக் கதவு திறக்கும்போது உள்ளே யார் நிற்கிறார் என்று தெரியாது, பின்வாங்கவும் இடமிருக்காது. நாய் உரிமம் பற்றி மாநகர் மன்றத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டின் வகையைப் பொறுத்து விதி மாறும். பக்கத்து வீட்டாரிடமும் முன்னதாகச் சொல்லிவிடுவது மரியாதை. முஸ்லிம் அண்டை வீட்டார் என்றால், எச்சில் பட்டால் அவர்கள் சாமாக் (மண் கலந்த நீரால் கழுவும் தூய்மைச் சடங்கு) செய்ய வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்து, அவர்கள் வாசலையும் தொழுகை நேரத்தில் சூராவ் பக்கத்தையும் தவிர்த்து நடங்கள். 2015ல் பினாங்கிலும் கெடாவிலும் பெர்லிசிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதை மக்கள் மறக்கவில்லை. தடுப்பூசி அட்டை கையில் இருந்தால் பேச்சு சுமுகமாக முடியும்.

நாய் வருவதற்கு முன்பே கேட்டைச் சரிசெய்யுங்கள். இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். தலை நுழையும் இடைவெளியில் ஒல்லியான உள்ளூர் நாய் முழுதாக நுழைந்துவிடும். கேட்டின் கம்பிகளுக்குக் குறுக்கே கெட்டியான பிளாஸ்டிக் வலையை வைத்து, ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு கேபிள் டை போட்டு இறுக்குங்கள். கேட்டுக்கு அடியில் கை முட்டி நுழைந்தால் பலகை அடியுங்கள். ஆட்டோ கேட் இன்னும் ஆபத்து. மெதுவாகத் திறந்து மெதுவாக மூடும். காரை உள்ளே விட்டு நீங்கள் இறங்குவதற்குள் நாய் பெருஞ்சாலையில் நிற்கும். ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு கதவு திறக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போடுங்கள்: கேட் முழுக்க மூடிய பிறகே வீட்டின் இரும்புக் கிரில் திறக்க வேண்டும், கிரில் பூட்டிய பிறகே ரிமோட்டைத் தொட வேண்டும். ரிமோட் யார் யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் அத்தனை பேருக்கும் இது மனப்பாடம் ஆக வேண்டும்.

கயிறும் இரண்டு. பயந்த நாய் பின்னோக்கி இழுத்துத் தலையைச் சுருக்கென்று உருவிக்கொள்ளும். சாதாரணக் கழுத்துப் பட்டை அங்கேயே கழன்று விழும். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டையில் ஒரு கயிறு, விலா எலும்புக்குப் பின்னாலும் ஒரு வார் செல்லும் ஹார்னஸில் இன்னொன்று. நீளம் 2 மீட்டர் போதும். பொத்தானை அழுத்தினால் நீளும் சுருள் கயிறு ஆகாது. அது கை நழுவித் தரையில் விழுந்தால், கடகடவென்ற பிளாஸ்டிக் பிடி நாயைப் பின்னாலேயே துரத்தும். மைக்ரோசிப் போட்டிருந்தால் அதன் 15 இலக்க எண்ணோடு உங்கள் தொலைபேசி எண் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். காப்பகத்தின் பழைய எண்ணே கிடந்தால் சிப் இருந்தும் பயன் குறைவு.

தப்பி ஓடினால் துரத்தாதீர்கள், பத்து பேரைச் சேர்த்துப் பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். கடைசியாகப் பார்த்த இடத்தில் உங்கள் அழுக்குச் சட்டையும் மணமான உணவும் வைத்து, இரவு அடங்கியதும் பொறிக் கூண்டு போடுங்கள். மாநகர் மன்றத்துக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள். பிடிபட்ட நாய்களை அங்கே நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள்.

வந்த முதல் சில நாள் ஒன்றும் செய்யாமல் இருப்பதே வேலை. குளிப்பாட்ட வேண்டாம், உறவினரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். சந்தடியில்லாத அறையில் மூலையாகப் பார்த்துப் படுக்கை, தண்ணீர், ஒளிந்துகொள்ள மேசைக்கு அடியில் போர்வை. ஒரு நாள் தின்னாமல் இருப்பது உண்டு. எல்லாரும் தூங்கியபின் தின்னும். இரண்டு நாளாகியும் வாய் வைக்கவில்லை, அல்லது தண்ணீரையே தொடவில்லை என்றால் மருத்துவர். மூன்று நாளில் மூச்சு விடும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் புரியும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று எண்ணும் என்பது நாய் வளர்ப்போர் சொல்லும் கணக்கு. பயந்த நாய்க்கு அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

தலைக்கு மேல் குனிந்து உச்சியைத் தடவுவதைப் பெரியவர்களும் விட வேண்டும். இரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று வாயை மூடி, உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரிய உங்களைப் பார்த்தால், அந்தக் கணத்தில் கையை எடுத்துவிடுங்கள். அதற்கு முன்பே மூக்கை நக்கியிருக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டிருக்கும், நாம்தான் கவனிப்பதில்லை. உறுமினால் அதட்டாதீர்கள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும், அடுத்தது சொல்லாமல் கடிக்கும்.

வெளிப் பயிற்சி மூன்றாம் நான்காம் வாரத்துக்குப் பிறகு, வெயில் ஏறுமுன். கோழி நெஞ்சுக்கறியை உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, எலும்பு நீக்கி, கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். நேற்றைய குழம்புக் கறி கூடாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. (கேசரியில் போடும் உலர்ந்த திராட்சையும் அப்படியே.) எதைக் கண்டு குரைக்கிறதோ அது கண்ணில் பட்டும், நாய் இன்னும் தின்கிற தூரத்தில் நில்லுங்கள். அது 40 மீட்டராகவும் இருக்கலாம். நாய் மோட்டார் சைக்கிளைப் பார்க்கிறது. உடனே கோழி, ஒன்றன்பின் ஒன்றாக. வண்டி மறைந்தது, கோழியும் நின்றது. வரிசை முக்கியம். முதலில் கோழியைக் காட்டினால், கோழி வந்தால் பின்னாலேயே பயங்கரம் வரும் என்று நாய் கற்றுக்கொண்டு கோழியையே சந்தேகிக்கும். ஐந்து நிமிடம் போதும். அது தானாகத் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகே சில அடி நெருங்குங்கள். கோழியைத் துப்பினாலோ வெடுக்கென்று பறித்தாலோ நெருக்கம் அதிகம், பின்வாங்குங்கள். காலையில் இடி, பிறகு எரிவாயுத் தோம்பு இறக்கும் லோரி, அடுத்து ஒலிபெருக்கியோடு பழைய பேப்பர்காரர் என்று அடுக்கடுக்காக வந்த நாளில் பயிற்சியே வேண்டாம். ஒன்றின் பதற்றம் அடங்குமுன் அடுத்தது ஏறிக்கொண்டிருக்கும்.

வாய்க்கூண்டு அவமானமில்லை. துணியால் வாயைக் கட்டும் வகை வேண்டாம், அதில் நாய் இரைக்க முடியாது, நம் வெயிலில் ஆபத்து. தண்ணீர் குடிக்க இடம் விடும் கூடை வகையை வாங்கி, உள்ளே கோழி வைத்து, தானே மூக்கை விடும்வரை சில வாரம் பழக்குங்கள்.

பயிற்சி பலிக்கவில்லை என்றால் முதலில் உடம்பைப் பாருங்கள். காதுப் புண், பல் வலி, இடுப்பு மூட்டு வலி எல்லாம் நாயைச் சிடுசிடுப்பாக்கும். உண்ணிக் காய்ச்சல் இங்கே சாதாரணம், இரத்தப் பரிசோதனையில் தெரியும். உடம்பு சரியாக இருந்தும் பயம் குறையாவிட்டால் மருந்து உண்டு. ஃப்ளூஆக்ஸெட்டின் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், அதனால் தீபாவளிக்கு முந்தைய வாரம் போய்க் கேட்டு உதவாது. வெடி இரவுக்கு என்று டிராசோடோன், கபாபென்டின் போன்றவற்றை மருத்துவர் தருவார். அசெப்ரோமசின் மட்டும் கொடுத்தால் உடம்பு கிடக்கும், பயம் அப்படியே இருக்கும்; அது மட்டும் போதுமா என்று கேளுங்கள். வீட்டில் இருக்கும் மனித மாத்திரையை உடைத்துக் கொடுப்பது வேண்டாம். வெடிச் சத்தத்தில் நடுங்கும் நாய் உங்களிடம் வந்து ஒட்டினால் அணைத்துக்கொள்ளலாம், அதனால் பயம் வளராது.

காப்பகத்துக்கும் ஒரு சொல். பயந்த நாயைக் கொடுக்கும்போது, சரிப்படாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுப்போம் என்று எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால் வெட்கப்பட்டு எங்கோ இறக்கிவிட்டு, ஓடிவிட்டது என்று சொல்வார்கள். திருப்பிக் கொடுப்பவர் நாயோடு ஒரு தாளும் கொடுக்க வேண்டும்: எத்தனை மீட்டர் தூரத்தில் அமைதியாக இருந்தது, எந்த உணவை எடுத்துக்கொண்டது, யாரிடம் முதலில் வந்தது, எதைக் கண்டு எப்படிப் பாய்ந்தது, என்ன மருந்து எவ்வளவு. அந்தத் தாள் அடுத்த அறிவிப்பில் அப்படியே இடம்பெறட்டும்.

இப்படிக்கு,
காப்பக நாய்களுக்கு வீடு தேடும் தொண்டர்கள்,
பினாங்கு